மார்கழி வறட்சிக்குப் பழ எண்ணெய்: எந்த எண்ணெய், எந்தப் பழம், எந்த முறை?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வாடைக்காற்று தொடங்கியதும் முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழும். குமரி மாவட்டத்தில் பனிக்காலம் வந்ததற்கு அதுதான் அடையாளம். கடற்கரையிலும் சமவெளியிலும் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். இங்கே தோலை வாட்டுவது குளிரைவிடக் காற்றுதான். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய தோவாளைப் பக்கமும் அகஸ்தீஸ்வரம் பக்கமும் மழை குறைவு, காற்று அதிகம். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் ஈரம் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் போன்ற ஊர்களில் காற்றோடு உப்பும் சேர்ந்துகொள்ளும்.

இந்த நேரத்தில்தான் பழத்தை எண்ணெயில் ஊறவைத்துத் தேய்க்கும் குறிப்புகள் கைபேசிகளில் சுற்ற ஆரம்பிக்கும். ஆரஞ்சு, நெல்லிக்காய், பப்பாளி, வாழைப்பழம், எலுமிச்சை என்று ஆளுக்கொரு பழம் சொல்வார்கள். வீட்டிலேயே செய்துகொள்வது நல்ல காரியம், நானும் வருடந்தோறும் செய்கிறேன். ஆனால் எது எதற்கு என்று பிரித்துப் பார்க்காமல் இறங்கினால், பூஞ்சை பிடித்த எண்ணெயும் தடித்துப்போன தோலும்தான் மிஞ்சும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்புக்குத் தேங்காய் எண்ணெயில் காய்ந்த கமலா ஆரஞ்சுத் தோல். தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்லெண்ணெயில் அதே தோல். உதட்டுக்கும் குதிகாலுக்கும் அந்த எண்ணெயில் தேன்மெழுகு சேர்த்த பாம் (balm), அதாவது கெட்டிப் பூச்சு. நெல்லிக்காய் எண்ணெய் தலைக்கு மட்டும். எலுமிச்சை எதற்கும் வேண்டாம்.

பழம் எண்ணெய்க்கு எதைக் கொடுக்கிறது?

ஆரஞ்சையும் நெல்லிக்காயையும் எண்ணெயில் போடச் சொல்பவர்கள் எல்லோரும் வைட்டமின் சி பெயரைத்தான் சொல்வார்கள். வைட்டமின் சி தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. ஒரு மாதம் ஊறப்போட்டாலும் அது எண்ணெய்க்குள் இறங்காது. காய்ச்சினால் இருப்பதும் சூட்டில் அழியும். எண்ணெயில் இறங்குபவை வேறு: ஆரஞ்சுத் தோலின் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் சிறு பைகளில் இருக்கும் வாசனை எண்ணெய், பப்பாளிக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தருகிற கரோட்டின் வகை நிறமிகள், சிறிதளவு வைட்டமின் ஈ. அவ்வளவுதான்.

ஆகவே வறட்சியைப் போக்குகிற வேலையில் பெரும்பங்கு எண்ணெயுடையது. பழம் தருவது மணமும் கொஞ்சம் நிறமும். மணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மணம் பிடித்தால்தான் தினமும் தேய்க்கத் தோன்றும். தினமும் தேய்த்தால்தான் தோல் தேறும். ஆனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது எண்ணெயை, பழத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான குறிப்புகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: பழத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, ‘ஏதாவது ஒரு எண்ணெய்’ என்று முடித்துவிடுகின்றன.

எண்ணெய்

நம் மாவட்டத்தில் தேங்காய் எண்ணெயைத் தாண்டி யோசிக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. செக்கில் ஆட்டிய எண்ணெய் கிடைப்பது சிரமமில்லை. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயும் பல வீடுகளில் இன்றும் குழந்தைகளுக்காக எடுக்கிறார்கள். 2004இல் வெளியான பிலிப்பைன்ஸ் மருத்துவர்களின் ஆய்வு ஒன்றில், வறண்ட தோல் உள்ள 34 பேரில் ஒரு பகுதியினருக்குத் தேங்காய் எண்ணெயும் மற்றவர்களுக்கு மினரல் எண்ணெயும் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே தோலின் ஈரத்தை ஒரேபோல் கூட்டின. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம் பாட்டிமார் கைப்பழக்கம் தவறில்லை என்பதற்கு அது போதும்.

பழத்தோலை ஊறவைப்பதற்கும் தேங்காய் எண்ணெய் தோதானது. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதனால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. அதன் குறை இரண்டு. சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் குப்பியைக் கவிழ்த்தால் பாதி வரும், பாதி வராது. இதற்கு வாயகன்ற ஜாடியே தீர்வு. விரலால் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் உடனே உருகிவிடும். இன்னொரு குறை முகத்தில் தெரியும். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, துளைகளை அடைத்துவிடும். கை, கால், முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லெண்ணெய் உறையாது, கொஞ்சம் கனமாக நிற்கும். காற்று அதிகமுள்ள தோவாளைப் பக்கத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். அதில் ஒலிக் அமிலமும் லினோலிக் அமிலமும் கிட்டத்தட்டச் சரிபாதியாக இருக்கின்றன. எள்ளிலேயே உள்ள சில பொருள்கள் அதைக் கெடாமல் காக்கின்றன. மணம்தான் சிக்கல். எள் மணத்துக்கு மேலே ஆரஞ்சு மணம் எழும்புவதற்குத் தோலைக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

சூரியகாந்தி எண்ணெயை யாரும் தோலுக்கு நினைப்பதில்லை, அதைப் பொரிப்பதற்கென்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் தோலின் மேலடுக்குக்கு வேண்டிய லினோலிக் அமிலம் அதில் நிறைய. அதற்கு நேர்மாறாக, பெரிய விலை கொடுத்து வாங்கும் ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைத் தளர்த்துகிறது என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆகவே இந்தக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஆலிவ் எண்ணெயை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. சூரியகாந்தியின் குறை, சீக்கிரம் கெடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் செய்துகொள்பவர்களுக்கு, அதிலும் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் பரு வருபவர்களுக்கு, அது நல்ல தெரிவு.

விளக்கெண்ணெய் தனியாகத் தேய்த்தால் பிசுபிசுக்கும். பாமில் ஒரு கரண்டி சேர்த்தால் உதட்டில் நிற்கும், அதோடு சரி. கடுகெண்ணெய் தோலை எரிக்கும், வேண்டாம்.

பழம்

இந்த மாதங்களில் வடசேரி கனகமூலம் சந்தையிலும் கோட்டாரிலும் கமலா ஆரஞ்சு குவிந்து கிடக்கும். பழத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தோலை எடுத்துக்கொண்டால் போதும், தனிச் செலவு இல்லை. தோல் தளர்வாக இருக்கும் கமலாவையே எடுங்கள். பளபளவென்று மெழுகு பூசிய இறக்குமதி ஆரஞ்சின் தோல் இதற்கு ஆகாது. உரிப்பதற்கு முன்னாலேயே பழத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

உலர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்பக்கத்து வெள்ளைச் சதையைக் கரண்டி விளிம்பால் வழித்து எடுத்தால் சீக்கிரம் காயும். வெயிலில் போட்டால் மணம் ஓடிவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், முறத்தில் பரப்பி வையுங்கள். முதல் நாள் தோல் ரப்பர் மாதிரி வளையும். அடுத்த நாட்களில் ஓரம் சுருண்டு, ஆரஞ்சு நிறம் செம்மண் நிறத்துக்கு வரும். அப்போது எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள்: சத்தத்தோடு இரண்டாக உடைந்தால் ஆயிற்று. வளைந்து, பிறகு கிழிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வாடை வீசும் நாட்களில் ஒரு வாரத்துக்குள் காய்ந்துவிடும். மழை தூறிக்கொண்டிருக்கும்போது இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எலுமிச்சையை ஏன் ஒதுக்குகிறேன் என்றால், அதன் தோலில் வெயில் பட்டவுடன் வேலை செய்யும் ஒரு வகைப் பொருள் இருக்கிறது. தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் சிவந்து, கொப்பளித்து, பிறகு மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும். நார்த்தங்காயும் அந்த இனம்தான். நம் வெயிலுக்கு இரண்டும் தோலில் பட வேண்டாம். கமலாத் தோலில் அந்தப் பயம் மிகக் குறைவு. ஆனாலும் ஆரஞ்சு வாசனை எண்ணெய் பழசானால் சிலருக்கு ஒவ்வாமை தரும். முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டுத் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு உடம்புக்குப் போங்கள்.

நெல்லிக்காய் கார்த்திகை, மார்கழியில் மலிவாகக் கிடைக்கும். அதன் நல்லது பெரும்பாலும் தண்ணீரில் கரைவது என்பதால், தோல் எண்ணெயாக அது பெரிதாக எதையும் தருவதில்லை. காய்ச்சிய எண்ணெயில் ஒரு வறுத்த மணம் வரும், நிறமும் கறுக்கும். தலைக்குத் தேய்க்க நம் ஊரில் பிடித்த மணம் அது, உடம்பில் சட்டைக்குக் கறை. நெல்லிக்காயைத் தின்பதுதான் தோலுக்கும் நல்லது.

பப்பாளி நன்றாகக் காய்ந்தால் எண்ணெய்க்கு அழகான மஞ்சள் கொடுக்கும், கூடவே தலையணை உறைக்கும் கொடுக்கும். மட்டி, ஏத்தன் வாழைப்பழங்கள், சக்கைப்பழம் (பலாப்பழம்) எதையும் எண்ணெயில் போடாதீர்கள். வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும். எண்ணெயில் இறங்க அதில் ஒன்றும் இல்லை, பூஞ்சைக்கு மட்டும் விருந்து. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டியை வாய்க்கு வைத்துக்கொள்வோம். பழுத்த பழத்தை மசித்துக் கையில் பூசிக் கழுவுவது வேறு விஷயம். அதை அன்றன்றைக்குச் செய்து அன்றே முடித்துவிடலாம்.

சிலர் ஆரஞ்சுத் தோலோடு நம் மலைக் கிராம்பையும் போடுவார்கள். மணம் அருமையாக இருக்கும். ஆனால் கிராம்பு எண்ணெய் வெடித்த தோலில் எரியும், ஆகவே நான் போடுவதில்லை.

எப்படி இறக்குவது?

மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது. ஜாடியில் போட்டு வெயிலில் நாலு வாரம் வைப்பது ஒன்று. பார்க்க அழகு, ஆனால் நம் ஊரில் பகலில் உருகி இரவில் உறையும் எண்ணெய், மூடியின் உள்பக்கம் கோர்க்கும் வியர்வை, எண்ணெயைச் சிக்கடிக்க வைக்கும் வெளிச்சம் என்று மூன்று தொந்தரவு. சூரியகாந்தி எண்ணெய் இந்த முறையில் நிச்சயம் கெடும். தேங்காய் எண்ணெய் தாங்கும், அதற்கும் ஜாடியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும்.

நான் கைக்கொள்வது வெந்நீர் முறை. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் ஈரமில்லாத சிறு கிண்ணத்தில் 200 மில்லி எண்ணெயும் ஒன்றிரண்டாக உடைத்த 20 கிராம் காய்ந்த தோலும் போடுங்கள். நல்லெண்ணெய் என்றால் தோல் 30 கிராம். தோலைப் பொடியாக்க வேண்டாம், வடிகட்டும்போது அடியில் சகதி மாதிரி நிற்கும். தண்ணீர் கொதிக்கக் கூடாது. சிறு தீயில் ஆவி மட்டும் எழும்பினால் போதும். இரண்டு மணி நேரம். கிண்ணத்தை மூடாதீர்கள், மூடினால் ஆவி நீர் உள்ளே சொட்டும். அப்புறம் அடுப்பை அணைத்து, துணியால் மூடி ஒரு இரவு விடுங்கள். காலையில் உறைந்திருந்தால் லேசாகச் சூடாக்கி, உலர்ந்த பழைய வேட்டித் துணியில் வடியுங்கள். கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம். அடியில் இருப்பது தூசும் ஈரமும்தான்.

மூன்றாவது, நேரடித் தீயில் காய்ச்சுவது. நெல்லிக்காய்ச் சாற்றை எண்ணெயில் விட்டுக் காய்ச்சும் தலையெண்ணெய்க்கு இதுதான் வழி, ஏனென்றால் பச்சைச் சாற்றின் தண்ணீர் முழுவதும் வற்றியாக வேண்டும். சித்த மருத்துவத்தில் தைலப் பதத்துக்கு மெழுகு பதம், கடுகு பதம், மணல் பதம் என்றெல்லாம் கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சித்தி பார்ப்பது திரிப் பதம். பழைய வேட்டி நுனியைக் கிழித்துத் திரியாக உருட்டி, காயும் எண்ணெயில் முக்கி, விளக்கில் காட்டுவார். ஈரம் இருந்தால் திரி சடசடவென்று பொரிந்து பொறி தெறிக்கும், சுடர் நடுங்கும். ஈரம் முழுவதும் போயிருந்தால் சத்தமே இல்லாமல் சுடர் நின்று எரியும். “சடசடப்பு நிக்காம எறக்கப்பிடாது மக்கா, பத்து நாள்ல புளிச்சிரும்” என்பார். ஆரஞ்சுத் தோல் எண்ணெயையும் வடித்த பிறகு இப்படி ஒரு திரி எரித்துப் பார்க்கலாம், தவறில்லை. திரியை அடுப்பிலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே நெருப்பைக் கொண்டுபோக வேண்டாம்.

எண்ணெயாகவா, பாமாகவா?

எண்ணெயைக் குளித்து முடித்து ஈரம் துவட்டிய உடனே, தோலில் இன்னும் லேசான ஈரப்பசை இருக்கும்போதே தேய்க்க வேண்டும். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. அது தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை, இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் வைக்கிறது. காய்ந்த காலில் மத்தியானம் தேய்த்துவிட்டு எண்ணெய் வேலை செய்யவில்லை என்பவர்களுக்கு இதுதான் பதில். வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்பதையும் இந்த இரண்டு மாதம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கை, உதடு, குதிகால் ஆகியவற்றில் வெறும் எண்ணெய் நிற்காது. அங்கே பாம்தான். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் தேன்மெழுகு கேட்டால் கிடைக்கும். 100 மில்லி எண்ணெய்க்கு 20 கிராம் மெழுகு என்பது நம் வெப்பத்துக்குச் சரியாக வரும். குளிர் நாட்டுக் குறிப்புகளில் சொல்வதுபோல் 10 கிராம் போட்டால் நாகர்கோவில் பகலில் குழம்பாகிவிடும். மெழுகு 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேதான் உருகும் என்பதால் அதையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் எண்ணெயோடு சேர்த்தே உருக்குங்கள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்து, விரலால் தொட்டுப் பார்த்துக் கெட்டியைச் சரிசெய்துகொள்ளலாம்.

ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிடில் கை புழங்குபவர்களுக்கும், வலையும் உப்புத் தண்ணீருமாகவே இருப்பவர்களுக்கும் எண்ணெயைவிட இந்தப் பாம் பல மடங்கு பயன்படும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கையைக் கழுவி உப்பும் ஆசிடும் போன பிறகு பூச வேண்டும்; அவற்றின் மேலேயே பூசினால் உள்ளே அடைத்து வைத்ததாகிவிடும். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குக் கொடுத்தனுப்பவும் பாமே நல்லது. பெட்டிக்குள் எண்ணெய் ஒழுகும் தொல்லை இல்லை, அங்கே குளிரூட்டிய அறையின் வறட்சிக்கும் தாங்கும்.

கடையில் வாங்குவதோடு ஒப்பிட்டால்

ஈரத்தை அடைத்து வைப்பதில் கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லிக்கு எந்தத் தாவர எண்ணெயும் ஈடாகாது. மணம் கிடையாது, ஒவ்வாமை அபூர்வம், விலையும் குறைவு. ஆழமாக வெடித்த குதிகாலுக்கு நான் அதைத்தான் சொல்வேன், வீட்டுப் பாமை அல்ல. கிளிசரின், யூரியா உள்ள கிரீம்கள் தண்ணீரை இழுத்துப் பிடிக்கின்றன. எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. வீட்டு எண்ணெய் ஜெயிப்பது வேறு இடத்தில்: உடம்பு முழுவதும் தாராளமாகத் தேய்க்கலாம், என்ன போட்டோம் என்று தெரியும், வீட்டில் பெரியவர் முதல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வரை எல்லோரும் ஆசையாகத் தேய்த்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்கு மட்டும் பழத்தோல் போட்டது வேண்டாம், வெறும் உருக்கெண்ணெய் போதும்.

வீட்டு எண்ணெய்க்குப் பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை என்பதால் கொஞ்சமாகவே செய்யுங்கள். 100 மில்லிக்கு ஒரு வைட்டமின் ஈ கேப்சூலை உடைத்து விட்டால் சிக்கடிப்பது தள்ளிப்போகும். ஆனால் அது பூஞ்சையைத் தடுக்காது. ஈரக் கையை ஜாடிக்குள் விடக் கூடாது, குளியலறையில் வைக்கவும் கூடாது. தேங்காய் எண்ணெயில் செய்தது வெளிச்சம் படாமல் இருந்தால் பனிக்காலம் முழுவதும் வரும், சூரியகாந்தியில் செய்தது ஒரு மாதம். கலங்கினாலோ, நூல் மாதிரி ஏதாவது மிதந்தாலோ, ஆரஞ்சு மணத்துக்கு அடியில் பழைய வடைச்சட்டி வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் வெடிப்பு இருந்தால் எண்ணெயும் பாமும் பிறகு, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கரப்பான், நீர் வடியும் அரிப்பு, தோல் செதிலாக உரிவது போன்றவை இருப்பவர்களும் அப்படித்தான். அவர்களுக்கு ஆரஞ்சு மணமும் சேர்ந்து தொந்தரவைக் கூட்டலாம்.